லிஃப்ற் விளையாட்டும் நீலக் கொப்பியும்

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலத்துக்குள் என் இரண்டு பிள்ளைகளும் படித்து முடித்து, கலியாணம் செய்து, தங்கள் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். அவ்வளவு நீளமான யோசனை. எங்கள் கோயிலில் எல்லோரும் நம்புகிற ஒரு கதை இருக்கிறது. அதில் பிள்ளையாருக்குப் பெரிய பங்கு. அந்தக் கதை சரியில்லை என்று நானே சொன்னால் பிள்ளையாரைக் குறைத்துச் சொன்னதாகிவிடுமோ என்று தயங்கினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்தக் கதையில் எனக்கும் ஒரு நல்ல பங்கு இருந்தது. அதை விட மனம் வரவில்லை.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விநாயகப் பெருமானை நினைத்துத் தொடங்குகிறேன்.

இந்த வருடம் பனி கரைகிற நேரம் ஒரு பெண் ஃபோன் எடுத்தார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், வங்கியில் வேலை. பழைய வீட்டுக் கொம்பியூட்டர்களில் தனியாட்கள் வீட்டிலிருந்தே எழுதிய விளையாட்டுகளைத் தேடிச் சேர்ப்பது அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் பொழுதுபோக்காம்.

"அங்கிள், அந்த லிஃப்ற் கேம் நீங்களோ செய்தனீங்கள்? சென் ஜேம்ஸ் ரவுண் கேம்?"

"ஓம் பிள்ளை. அது எப்பவோ முந்தி."

"ஓ மை காட். அங்கிள், நான் சின்னனில அதை விளையாடினனான். நாங்கள் ரெக்ஸ்டேல்ல இருந்த நேரம் அண்ணா கசற் வச்சிருந்தவர். ஸ்கூல் விட்டு வந்தால் அதுதான்."

அந்த விளையாட்டை இன்ரர்நெற்றில் போடப்போகிறார்கள், யாரும் விளையாடலாம், அதற்கு முன்னால் அதை யார் செய்தது, எப்படிச் செய்தது என்று ஒரு பக்கம் எழுதி வைப்பார்கள் என்றார். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டுப் பதிவுசெய்யலாமா என்றார். வாருங்கள் என்றேன். ஃபோனை வைத்தபிறகுதான் எனக்கு விசயம் விளங்கியது. கோயிலில் நாலு பேர் கதைக்கிறது வேறு. இது எழுதி வைக்கப்போகிற விசயம்.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று சொல்லுமுன் பழைய கதையைச் சொல்லவேண்டும்.

எண்பதுகளில், நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில் பத்தொன்பதாம் மாடியில் இருந்தோம். நான், மனைவி, கைக்குழந்தையாக மூத்தவன். எங்கள் கட்டிடத்தில் மூன்று லிஃப்ற். ஒன்று எப்போதும் பழுது. இரண்டாவது தான் நினைத்த மாடியில்தான் நிற்கும். மூன்றாவது நல்லது, ஆனால் அதற்குள் இடம் கிடைக்கவேண்டும். பால் பையும் அரிசி மூட்டையும் தூக்கிக்கொண்டு பத்தொன்பதாம் மாடிக்குப் போய்ச் சேருவதே ஒரு விளையாட்டு. அதைத்தான் நான் விளையாட்டாக எழுதினேன்.

கொம்பியூட்டரை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் முற்றத்தில் பழைய சாமான் பரப்பி விற்ற யார்ட் சேலில் வாங்கினேன். தட்டச்சு மெஷின் போல ஒரு பெட்டி. அதை ரீவியில் பூட்டவேண்டும். நீங்கள் பாட்டுக் கேட்கிற அதே கசற்றில்தான் எழுதியதைப் பதிந்து வைக்கவேண்டும். பதியும்போது கீ என்று ஒரு சத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் வரும். பக்கத்துக் கதவுக்காரர் ஒருநாள் வந்து, குழந்தைக்கு வயிற்றுவலியா என்று கேட்டார். பதியாமல் கரண்டை நிற்பாட்டினால் எழுதியது அவ்வளவும் போய்விடும். இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகத்துப் பத்திரிகைகளில் மற்றவர்கள் எழுதிய விளையாட்டுகள் வரி வரியாக அச்சிட்டு வரும். அவற்றைத் தட்டித் தட்டித்தான் பழகினேன். பத்து, இருபது, முப்பது என்று ஒவ்வொரு வரிக்கும் இலக்கம் போடவேண்டும். அந்தக் காலத்தில் ஒரு மனிதன் சாப்பாட்டு மேசையிலிருந்தே ஒரு முழு விளையாட்டையும் செய்யலாம். எழுதுவது, படம் கீறுவது, சத்தம் போடுவது, கசற்றில் பதிவது, தபாலில் அனுப்புவது எல்லாம் அவனே. இப்போது என் பேரன் விளையாடுகிற விளையாட்டின் முடிவில் பெயர்கள் ஓடத் தொடங்கினால் நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம்.

"ஒரு மனிதன்" என்று எழுதிவிட்டேன். பழக்கதோசம். எங்கள் வீட்டில் வேலை நடந்த முறை இதுதான். வேலைக்குப் போகும்போது தெருத் தண்டவாளத்தில் வரும் ஸ்ரீட்காருக்காகத் தரிப்பில் நின்று விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் வரிகளை எழுதுவேன். வீட்டுக்கு வந்தால் மனைவி வாசிப்பாள், நான் தட்டுவேன். பஞ்சாங்கம் வாசிக்கிற மாதிரி ஒரு கமா விடாமல் வாசிப்பாள். என்னைவிட இரண்டு வகுப்புக் கூடப் படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. விளையாட்டில் வருகிற அந்தச் சின்ன மனிசனும் அவள் செய்ததுதான். குறுக்குத் தையல் பழகின கை. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பினால் பை தூக்கின ஆள் வரும் என்று பென்சிலால் நிரப்பித் தந்தாள்.

வாசித்து முடிந்ததும் ஒரு நீலக் கொப்பியில் ஏதோ எழுதுவாள். ஊருக்குக் கடிதம் எழுதிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தட்டி முடிந்த தாள்களை நான் மாடியிலிருந்து கீழே போகும் குப்பைக் குழாயில் போட்டுவிடுவேன்.

விளையாட்டு முடிகிற கட்டத்துக்கு வந்த வாரம், செவ்வாய்க்கிழமை, பழைய கசற்றை றெக்கோடர் தின்றுவிட்டது. நாடா குடல் மாதிரி வெளியில் வந்தது. பதிந்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. ஆனால் மெஷினுக்குள் முழுவதும் இருந்தது. ஆகவே அதை நிற்பாட்டாமல் மூன்று நாள் அப்படியே எரியவிட்டேன். மேல்பக்கம் தோசைக்கல் போலச் சுட்டது. வியாழன் பின்னேரம் புதுக் கசற் வாங்கினேன். வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை, பிள்ளையாருக்கும் உகந்த நாள். காலையில் முழுகி, திருநீறு பூசி, விளக்கேற்றி, கசற்றுக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். இதெல்லாம் முடிய மணி பத்து இருபத்தைந்து.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். பதியத் தொடங்கினால் நடுவில் ராகு வந்துவிடும். காத்திருப்பது என்று முடிவெடுத்தேன். அதில் இன்னொரு சிக்கல். அதற்கு முந்தின கிழமைதான் கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தோம்.

"பழைய நேரத்தில பத்தரை எண்டால் இப்ப பதினொண்டரை. ஆனால் கலண்டரில பத்தரை எண்டுதான் கிடக்கு," என்றேன்.

மனைவி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். "அப்ப எது சரி?"

"ரெண்டையும் விடுவம். பத்தரையில இருந்து ஒரு மணி மட்டும் ஒண்டும் தொடக்கூடாது."

"அந்தக் கலண்டர் யாழ்ப்பாணத்தில அடிச்சது. அங்கத்தை ராகுவுக்கு இஞ்ச வர விசா கிடைச்சிட்டுதோ?"

"சாமி விசயத்தில பகிடி விடாதையும்."

"ராகு சாமியில்லை, கிரகம். பேசாமல் அந்த பட்டனை அமத்துங்கோ."

நான் அமத்தவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கலண்டரில் போட்டிருந்த ராகு காலம் முடிந்தது. நான் இரண்டாவதும் முடியட்டும் என்று இருந்தேன். சும்மா இருக்க விசராக இருந்தது. மனைவி சமையலறையில் றைஸ் குக்கரைப் போட்டிருந்தாள். குழந்தையின் உடுப்புக்கு அயன் சூடாகிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி குடிப்போம் என்று நான் போய்த் தண்ணி கொதிக்கவைக்கிற கரண்ட் கேத்திலைப் போட்டேன்.

டக் என்று ஒரு சத்தம். குக்கர் நின்றது, அயன் நின்றது, ரீவியில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து அதுவும் மறைந்தது. மூத்தவன் மட்டும் கைதட்டிச் சிரித்தான்.

இத்தனை வருடமாக "கரண்ட் போனது" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். கேத்திலைப் போட்டது நான். இதை முதல் தடவையாக என் கையால் எழுதுகிறேன்.

மனைவி பாரம் தாங்காமல் எரிந்த பியூசை மாற்றிவிட்டு வந்து, "சரி, பிறகு பாப்பம்," என்றாள்.

"பிறகு என்னத்தைப் பாக்கிறது? எல்லாம் போட்டுது."

நான் சாமிப் படத்துக்கு முன்னால் போயிருந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். போனது திரும்பி வந்தால் உனக்குப் பதினொரு தேங்காய் உடைப்பேன் பிள்ளையாரே என்று நேர்ந்தேன். பிறகு ரீவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

சனி, ஞாயிறு, திங்கள் வேலைக்குப் போய் வந்தேன். மெஷின் பக்கம் பார்க்கவில்லை. செவ்வாய் பின்னேரம் மூன்று மணிக்கு வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், ரீவி இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அதில் என் சின்ன மனிசன் பையோடு லிஃப்ற் வாசலில் நிற்கிறான்.

மனைவி குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டே, "ராகு காலம் முடிஞ்சுது," என்றாள்.

மேசையில் நீலக் கொப்பி விரித்தபடி கிடந்தது. பத்து, இருபது, முப்பது. நான் தட்டிய ஒவ்வொரு வரியும் அதில் இருந்தது. கசற்றை நம்பாமல், நான் தாள்களைக் குப்பைக் குழாயில் போடுமுன் அவள் ஒவ்வொரு நாளும் பார்த்து எழுதி வைத்திருக்கிறாள். குழந்தை நித்திரையான நேரங்களில் நாலு நாளாகத் திரும்பத் தட்டியிருக்கிறாள்.

"ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"சரிவருமோ தெரியாது. சொல்லிப்போட்டு வராட்டி நீங்கள் திரும்ப அழுவியள்."

பதிந்தாயிற்றா என்று கேட்டேன். இரண்டு கசற்றில் பதிந்துவிட்டாளாம். எத்தனை மணிக்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

இருந்து விளையாடினேன். ஏழாம் மாடியில் லிஃப்ற் வருமுன் காலை வைத்து, மனிசன் குழிக்குள் விழுந்தான். நான் எழுதியதில், விழுந்தால் நீ செத்துவிட்டாய் என்று வந்து விளையாட்டு முடியும். எல்லா விளையாட்டும் அப்படித்தான். இதில் அப்படி வரவில்லை. கீழ் மாடியில் பக்கத்துக் கதவு ஒன்று திறந்தது. ஒரு பெண் நின்றாள். இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று ஒரு வரி வந்தது. மனிசன் எழும்பி அந்த மாடியிலிருந்தே திரும்ப நடந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏன் மாத்தினீர்? விழுந்தவன் சாகத்தானே வேணும். அதுதானே கேம்."

அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். "அங்க செத்தது காணாதே? இஞ்ச வந்து ரீவிக்குள்ளயும் சாகோணுமே?"

அவளுடைய தம்பி ஊரில் செத்து அப்போது ஒரு வருடமும் ஆகவில்லை.

அப்படியே விட்டேன். தேங்காய்களை எங்கே உடைப்பது என்று தெரியாமல் குளிக்கிற பாத் ரப்புக்குள் துவாயை விரித்து உடைத்தேன். எட்டாவது தேங்காயில் கட்டிடத்து மேற்பார்வையாளர் வந்து கதவைத் தட்டினார். அவர் கையில் அரைத் தேங்காயைக் கொடுத்து அனுப்பிவிட்டு மிச்சத்தை மெதுவாக உடைத்தேன்.

பிறகு அதை ஒவ்வொன்றாகப் பதிந்து, கொம்பியூட்டர் சாமான் கடைகளின் அறிவிப்புப் பலகையில் துண்டு ஒட்டி விற்றோம். தபாலிலும் கேட்டு எழுதினார்கள். கசற் பெட்டிக்குள் வைக்கிற அட்டைகளை மனைவிதான் எழுதினாள். செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள்.

"உம்மட பேரையும் போடுவமோ?" என்று ஒருதரம் கேட்டேன்.

"அட்டையில இடம் காணாது," என்றாள்.

கலியாணம் செய்த நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் நான் அவ்வளவு சுறுக்காக ஏற்றுக்கொண்டதில்லை.

கோயில் கதை பிறகு முளைத்தது. ஒரு நண்பர், கரண்ட் போயும் எப்படி அண்ணை திரும்ப எழுதினீங்கள் என்று கேட்டார். "எல்லாம் பிள்ளையாற்ற கிருபை," என்றேன். பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினேன். அடுத்த வருடம் அந்த நண்பர் சொல்லும்போது, பிள்ளையார் என் கனவில் வந்து வரிகளைச் சொல்லியிருந்தார். இன்னும் சில வருடத்தில் தேங்காய் நூற்றெட்டாகிவிட்டது. நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். ஆட்டின தலைக்கு மரியாதையும் கிடைத்தது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அந்தப் பெண் வந்து, ஃபோனை மேசையில் வைத்துப் பதியத் தொடங்கினார். மனைவி தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள்.

"அங்கிள், எனக்கு ஒரு பெரிய கொஸ்ச்சின். அந்த டைம் கேம் எல்லாத்திலயும் விழுந்தால் டெட். உங்கட கேமில மட்டும் கதவு திறந்து ஒரு அன்ரி தேத்தண்ணி தருவா. எனக்கும் அண்ணாக்கும் அதுதான் ஃபேவரிற். வேணுமெண்டு விழுவம். அது ஆற்ற ஐடியா?"

பதில் எனக்கு இரண்டடி தூரத்தில் தட்டோடு நின்றது. என் வாய், பழகின வழியில் போனது. "எல்லாம் பிள்ளையாற்ற கிருபை, பிள்ளை." தொடங்கியபின் நிற்பாட்ட முடியவில்லை. கரண்ட் போனது, அழுதது, நேர்ந்தது, திரும்பி வந்தது என்று முழுக்கதையையும் சொன்னேன். கேத்தில் வரவில்லை. கொப்பி வரவில்லை.

"அப்ப உங்கட பேரை மட்டும் போடட்டோ அங்கிள்?"

"போடுங்கோ."

எழுதி முடித்து எனக்கு ஒருதரம் காட்டிவிட்டு, இரண்டு கிழமையில் போடுவதாகச் சொல்லிப் போனார். மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பிள்ளையார் நல்லா ரைப் அடிச்சிருக்கிறார்," என்றாள். "தும்பிக்கையும் சேத்து அடிச்சால் நாலு நாளில முடியும்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கோபித்திருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனை முடிந்து அன்னதான மண்டபத்தில் அதே நண்பர் புதிதாக வந்த ஒருவரிடம் என்னைக் காட்டி, "இந்த அண்ணைக்குத்தான் கரண்ட் இல்லாமல் ரீவி எரிஞ்சது," என்றார்.

நான் சோற்றில் வைத்த கையை எடுத்தேன். "அப்பிடி இல்லை. என்ர மனிசிதான் எழுதி வச்சுத் திரும்ப ரைப் பண்ணினவ," என்றேன்.

நண்பர் என் முதுகில் தட்டினார். "பாத்தீங்களோ, அண்ணைக்கு எவ்வளவு அடக்கம்."

நான் விட்ட கதை எனக்கே அடங்காமல் போய்விட்டது. மூலஸ்தானத்துக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்றேன். நான் அழுத அன்று அவர் உதவி செய்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் அந்த உதவியை யாரிடம் கொடுத்தனுப்பினார் என்பதை மறைத்தது நான். உண்டியலில் போட்டதை ஐயர் பையில் போட்டுக்கொண்டால் நாங்கள் சும்மா விடுவோமா? இதுவும் அதுதான்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டேன். "அந்த நீலக் கொப்பி எங்க?"

"ஆற்ற கொப்பி?"

"உம்மட கொப்பி."

அவள் சமையலறை லாச்சியை இழுத்துத் திறந்து எடுத்துத் தந்தாள். கிழமைக்கு ஒருதரமாவது அவள் அதை விரித்து வைத்துச் சமைப்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் முழுவதும் விளையாட்டு. பின்பக்கத்திலிருந்து ரோல்ஸ், மிக்சர், மீன் கட்லட் செய்யும் அளவுகள். இரண்டும் நடுவில் வந்து முட்டி நின்றன. மஞ்சள் பட்டு நிறம் மாறியிருந்தது. ஒரு எழுத்தும் அழியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஃபோன் எடுத்து, நான் சொன்னதில் பாதி இல்லை, திரும்ப வாருங்கள் என்றேன். அடுத்த நாளே வந்தார். கொப்பியைக் கையில் எடுத்ததும் கதிரையில் இருந்துவிட்டார்.

"அன்ரி, இது முழு கேமும். எவ்ரி லைன். ஒருத்தரும் இப்பிடி வச்சிருக்கிறேல்லை."

"அது ரோல்ஸ் செய்யிற கொப்பி பிள்ளை. எண்ணெய்க் கையால பிடியாதைங்கோ எண்டு மட்டும் சொல்லுவன்."

நான் எல்லாவற்றையும் இருந்தபடி சொன்னேன். சொல்லி முடிய, "முதல் இவவின்ர பேர். பிறகு என்ர," என்றேன்.

"எனக்கேன் உதெல்லாம்? இவற்ற பேரே இருக்கட்டும்," என்றாள் மனைவி. பிறகு, "இடம் காணுமே?" என்றாள்.

"அன்ரி, இன்ரர்நெற்றில இடத்துக்கு என்ன குறை."

"அப்ப கேத்தில் விசயத்தையும் போடுங்கோ," என்றாள்.

அந்தப் பெண் தன் கொம்பியூட்டரில் விளையாட்டைப் போட்டுக் காட்டினார். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் இருந்தாள். மூன்றாவது லிஃப்ற் வந்து வாசலில் நின்றது. அவள் ஏறவில்லை. வேண்டுமென்றே மனிசனைக் குழிக்குள் விழுத்தினாள். கதவு திறந்தது.

இதை வாசித்தவர்கள் றிச்மண்ட் ஹில்லில் இருக்கிற எங்கள் கோயிலிலோ, அந்தப் பக்கம் காரில் போகும்போதோ, யாரோடும் இதைக் கதைக்கலாம். கதைக்கவேண்டும் என்றே கேட்கிறேன். ஆனால் நான் தந்தபடியே கொடுங்கள். எனக்காக ஒன்றையும் கூட்டவேண்டாம், பிள்ளையாருக்காகவும் கூட்டவேண்டாம், அவருக்கு அது தேவையில்லை. கரண்ட் இல்லாமல் ரீவி எரியவில்லை. கேத்திலைப் போட்டது நான். கொப்பி எழுதியது, திரும்பத் தட்டியது, அந்தக் கதவைத் திறந்து வைத்தது என் மனைவி. தேங்காய் பதினொன்றுதான்.